சிலிகான் மோல்டில் (அச்சில்) உலோக வார்ப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ ஒரு முத்திரை மோதிரம், பதக்கம், வாள்பிடிக் குமிழ் வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்தால் கையில் எடுத்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் கனம் வேண்டுமென்றால் உலோகம்தான்.

எந்த உலோகம்? காரீயம் கலக்காத பியூட்டர். பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, செம்பு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அலுமினியத்துக்கு 660 டிகிரி வேண்டும், சிலிகான் பாழாகிவிடும். மின்கம்பி பற்றவைக்கும் பழைய சால்டர் துண்டுகளில் காரீயம் இருக்கலாம், தொடாதீர்கள். மோல்டுக்கான சிலிகானும் 290 டிகிரி வரை தாங்கும் உயர்வெப்ப வகையாக இருக்க வேண்டும்.

1. எதை வார்க்கப்போகிறீர்களோ அதன் மாதிரியைப் பாதிவரை கந்தகமில்லாத களிமண்ணில் பதியுங்கள். சுற்றிலும் நாலைந்து குழி அழுத்துங்கள். இரு பாதிகளும் நகராமல் பொருந்த அவைதான் பிடிமானம். ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டுச் சுவர் கட்டுங்கள்.

2. சிலிகானையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் எடை போட்டே கலக்குங்கள். 100 கிராமுக்கு 3 கிராம் என்ற விகிதத்தில் வரும் வகைகளில் கண்ணளவு உதவாது. ஒரு மூலையிலிருந்து நூல்போல ஊற்றினால் குமிழி குறையும். 24 மணி நேரம் விடுங்கள். திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, சிலிகான் பரப்பில் வாசலின் தடவி மறுபாதியை ஊற்றுங்கள். வாசலினை மறந்தால் இரண்டும் ஒரே கட்டிதான்.

3. பெரும்பாலான வார்ப்புகள் கெடுவது இங்கேதான்: காற்று வெளியேற வழியில்லாமல். மறுபாதியும் இறுகியதும் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டு, ஊற்றுவாயைப் பொருளின் தடித்த பகுதியில் புனல்போல அகலமாக வெட்டுங்கள். உலோகம் கடைசியாகப் போய்ச்சேரும் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு மி.மீ. அகலக் கீறல் மேலே வரை ஓட வேண்டும். உள்ளே டால்கம் பவுடர் தூவி, அதிகப்படியை ஊதிவிடுங்கள்.

4. மாதிரியைத் தண்ணீரில் மூழ்கடித்தால் எத்தனை மில்லி ஏறுகிறதோ, அதை 7.3-ஆல் பெருக்குங்கள். வருவது கிராம் கணக்கு. ஊற்றுவாய்க்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேருங்கள்.

5. சமையலுக்கு இனி எடுக்காத இரும்புப் பாத்திரத்தில், காற்றோட்டமான இடத்தில் உருக்குங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம், தோல் கையுறை, பருத்தி முழுக்கை, மூடிய காலணி கட்டாயம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நீராவியாகி உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். 260–280 டிகிரி போதும். பளபளப்பான பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானி குறைத்துக் காட்டும், உலோகத்துக்குள் முனையை விட்டு அளக்கும் தெர்மோகப்பிள் நல்லது. உருகிய உலோகத்தின் மேல் படியும் ஏட்டை வழித்தெடுத்து, நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்றுங்கள்.

முதல் வார்ப்பில் நுணுக்கங்கள் மழுங்கித்தான் வரும். மோல்ட் இன்னும் சூடேறவில்லை. திரும்ப உருக்கி ஊற்றுங்கள். எப்போதும் அதே முனை நிரம்பவில்லையென்றால் அங்கே காற்றுவழி போதாது. ஊற்றுவாய்க்கருகே பள்ளம் விழுந்தால், பொருளுக்கு முன்பே வாய் இறுகிவிட்டது என்று அர்த்தம், இன்னும் அகலமாக வெட்டுங்கள். ஓரங்களில் தகடுபோல் வழிந்தால் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து ரப்பர் பேண்டால் சீராக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் வடிவமே நசுங்கும்.