கொழும்பில் மனம் விட்டுப் பேசக்கூடிய டொக்டரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து என்னோடு தங்கத் தொடங்கிய முதல் மாதமே, நாரி (இடுப்பு) உளைவென்று ஒரு விசேட வைத்திய நிபுணரிடம் சனல் பண்ணினேன், அதாவது தனியாரில் காசு கட்டி நம்பர் எடுத்தேன். நம்பர் 31. இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம், நாலு நிமிஷத்தில் வெளியே வந்தோம். டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் அம்மாவிடம் கேட்டேன், அவர் சொன்னதைச் சுருக்கிச் சிங்களத்தில் சொன்னேன். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள்தான் அம்மா மெதுவாகச் சொன்னார், இருமினால் சலம் (சிறுநீர்) போய்விடுகிறதாம். "அங்கேயே சொல்லியிருக்கலாமே அம்மா?" "உனக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

நாரி நோவோடு சலம் கட்டுப்படாமல் போவதும் சேர்ந்தால், அது டொக்டர் கட்டாயம் அறிய வேண்டிய சங்கதி. அதைச் சொல்ல வாய் வராத இடத்துக்குக் காசு கட்டிப் போய் வந்திருக்கிறோம். அதற்குப் பிறகு எங்களுக்குத் தோதான ஒரு டொக்டரைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்தது. உங்களுக்கு அவ்வளவு எடுக்கத் தேவையில்லை.

படி 1: நேரே நிபுணரிடம் ஓடாதீர்கள்

இங்கே சனல் பண்ண யாருடைய கடிதமும் தேவையில்லை. நெஞ்சு எரிந்தால் நாமே இருதய நிபுணரைத் தெரிவு செய்கிறோம். பிறகு பார்த்தால் அது காஸ்ட்ரிக். முதலில் தேடவேண்டியது வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஒரு குடும்ப வைத்தியரை. பின்னேரத்தில் ஒழுங்கைக்குள் லைட் எரியும் சின்ன டிஸ்பென்சரி, கடதாசிப் பைக்குள் குளிசை போட்டுத் தருகிறவர். அப்படிப்பட்டவர்தான் இரண்டாம் முறை உங்கள் முகத்தையும் மூன்றாம் முறை உங்கள் சுகர் கணக்கையும் ஞாபகம் வைத்திருப்பார். எந்த நிபுணரிடம் போகலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். மட்டுமல்லாமல் டி.எஃப்.எம். அல்லது எம்.சி.ஜி.பி. என்று இருந்தால், குடும்ப மருத்துவத்தில் மேலதிகமாகப் படித்தவர் என்று அர்த்தம். இல்லாவிட்டால் குறை என்றில்லை. எங்கள் டொக்டருக்கு இரண்டுமே இல்லை.

படி 2: சரியான கேள்வியைக் கேளுங்கள்

"நல்ல டொக்டரா?" என்று கேட்டால் எல்லோரும் "கைராசிக்காரர்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: திரும்பக் கேட்டால் கோவிப்பாரா? கதைக்கும்போது முகத்தைப் பார்ப்பாரா? பரிசோதனை எழுதினால் ஏனென்று சொல்வாரா? இதற்குப் பக்கத்து வீட்டாரைவிட நல்ல ஆள் உங்கள் ரோட்டு பாமசிக்காரர். எந்த டொக்டரின் மருந்துத் துண்டோடு வருகிறவர்கள் குழம்பிப்போய் "இது எப்ப போடுறது?" என்று கேட்கிறார்கள், யாருடைய ஆட்கள் விளக்கமாக வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

படி 3: பதிவைப் பாருங்கள்

இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரை அடித்தால் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். மருந்துத் துண்டில் குத்தும் சீலிலும் பெரும்பாலும் பதிவு இலக்கம் இருக்கும். ஆயுர்வேத, சித்த வைத்தியர்களை அங்கே தேடவேண்டாம், அவர்களுக்கு ஆயுர்வேத மருத்துவ சபை தனியாக இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை.

படி 4: எந்த மொழியில் நோகிறது?

நான் அதிகம் பிழை விட்ட இடம் இதுதான். எங்கள் வீட்டுத் தமிழில் ஒவ்வொரு நோவுக்கும் தனிப் பெயர் உண்டு. உளைவு வேறு, குத்து வேறு, கடுப்பு வேறு, எரிவு வேறு, விறைப்பு வேறு. என் சிங்களத்தில் எல்லாமே "ரிதெனவா" தான். விறைப்புக்கு "ஹிரி" என்று தனிச்சொல் இருப்பதே பிந்தித்தான் தெரியவந்தது. டொக்டருக்கோ அந்த வித்தியாசம்தான் தேவை, ஏனென்றால் விறைப்பென்றால் அவர் நரம்பைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார். "அந்தரமா இருக்கு" என்று அம்மா சொன்னதை எந்தச் சிங்களத்தில் போடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பயமா இருக்காம்" என்று சொல்லிவிட்டேன். அது அல்ல.

அதற்காகத் தமிழ்ப் பெயராகப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டும் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வேலை செய்த சிங்கள டொக்டர்மார் சிலர் அழகாகத் தமிழ் கதைப்பார்கள். கொழும்பிலேயே வளர்ந்த தமிழ் டொக்டர் சிலருக்கு ஆங்கிலம்தான் வசதி. போன் எடுத்துக் கேளுங்கள்: "டொக்டர் தமிழ் கதைப்பாரா?" கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொன்று, ஊர்க்கார டொக்டர் எல்லோருக்கும் சரிவராது. வெள்ளவத்தையில் யாருக்கு யார் சொந்தமென்று சொல்ல ஏலாது. டொக்டர் வெளியே சொல்லமாட்டார்தான், ஆனால் வெளியே நம்பர் கூப்பிடும் பிள்ளை உங்கள் மச்சாளின் சிநேகிதியாக இருக்கலாம். கருத்தடை, மனச்சோர்வு, குடிப்பழக்கம் மாதிரி விஷயத்துக்கு வேண்டுமென்றே தெகிவளைக்கோ பொரளைக்கோ போகிறவர்களை எனக்குத் தெரியும். அது நல்ல யோசனைதான்.

படி 5: மொழிபெயர்க்கும் ஆளை வெளியே அனுப்புங்கள்

கூட ஆள் போகத்தான் வேண்டும். ஆனால் கடைசி இரண்டு நிமிஷம் நோயாளி தனியே இருக்கட்டும். நான் இப்போது நானாகவே "போன் வருது" என்று சொல்லி எழும்பிவிடுவேன். பெண் டொக்டர்தான் வேண்டுமென்றால் புக் பண்ணும்போதே தேடுங்கள். ஆண் டொக்டர் உடம்பைப் பரிசோதிக்கும்போது மிஸி (தாதி) ஒருவரோ கூட வந்தவரோ பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்கலாம். முகம் சுளிக்கிற டொக்டரிடம் மறுமுறை போகத் தேவையில்லை. 35 வயதான பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கை மறக்கவேண்டாம். பரிசோதனை இலவசம், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையும் அங்கேயே செய்வார்கள்.

படி 6: சின்ன வருத்தத்தோடு போய்ப் பாருங்கள்

பெரிய வருத்தம் வந்த பிறகு டொக்டரைத் தேடுவது, மழை வந்த பிறகு கூரை வேய்கிற கதை. தடிமன், பிரஷர் பார்ப்பது மாதிரி ஒன்றை வைத்து முதலில் ஒருமுறை போங்கள்.

போகும்போது ஒரு துண்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, இப்போது போடும் மருந்து என்ன. சொல்லக் கூச்சமானதை முதல் வரியில் எழுதி, துண்டை அப்படியே நீட்டிவிடுங்கள். அம்மா அப்படித்தான் செய்தார்.

நிபுணரிடம் போகவேண்டி வந்தால் ஈ-சனலிங், டொக் 990 போன்றவற்றில் புக் பண்ணலாம். அரச வைத்தியசாலை நிபுணர்கள் கடமை நேரத்துக்கு வெளியேதான் தனியாரில் பார்க்கலாம் என்பதால் பின்னேரங்களும் சனி, ஞாயிறும் நெரிசல். ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் இருப்பார். ஒரு இடத்தில் நம்பர் 40 ஓடும், இன்னொன்றில் 12. ஆட்கள் குறைந்த இடத்தைப் பாருங்கள், அங்கேதான் கதிரையில் சாய்ந்திருந்து கேட்பார்.

தேசிய வைத்தியசாலை, களுபோவில போன்ற அரச ஆஸ்பத்திரிகளின் ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) டொக்டரைத் தெரிவு செய்ய ஏலாது. காசும் கட்டத் தேவையில்லை. அங்கே உங்கள் பலம் கிளினிக் கொப்பிதான், ஆள் மாறினாலும் கதை கொப்பியில் இருக்கும். அவசரமென்றால் இந்தப் படிகளெல்லாம் வேண்டாம், 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

படி 7: பிடிக்காவிட்டால் மாறுங்கள்

"இவ்வளவு நாள் பார்த்தவர், என்ன நினைப்பார்?" என்று அம்மா சொன்னார். ஒன்றும் நினைக்கமாட்டார், அவருக்கு நம்பர் 32 காத்திருக்கிறது. தனியாரில் ரிப்போர்ட், துண்டு எல்லாம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கும். ஆகவே மாறுவது சுலபம், அவற்றைத் தொலைக்காமல் வைத்திருந்தால். ஒரு பைல் வாங்கித் திகதி வரிசையில் போடுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரை முன்மட்டையில் பெரிதாக எழுதுங்கள். பாமசித் துண்டின் எழுத்து அழிந்துபோகும், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அம்மாவின் பைல் பச்சை நிறம். இப்போது அவர் ஒழுங்கைக்குள் இருக்கும் டிஸ்பென்சரிக்குத் தனியேதான் போகிறார். என்ன கதைத்தீர்கள் என்று போன கிழமை கேட்டேன். "அது எனக்கும் டொக்டருக்கும்" என்றார்.