ஜெல்லா, போமேடா, கிளேயா? டப்பாவைத் திருப்பிப் படிச்சு ஒப்பிடுறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல காலையில சீவுன முடி மத்தியானம் வரைக்கும் நிக்குமா நிக்காதாங்கிறதை வெயிலும் வேர்வையும் ஹெல்மெட்டும்தான் முடிவு பண்ணுது, முடிக்கு தடவுற ஜெல்லு, போமேட் டப்பா முன்னாடி போட்டிருக்கிற "எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்"கு எல்லாம் ஒண்ணுமே பண்ணாது. நான் முடி வெட்டுற கடையில வேலை பாக்குறேன், "அண்ணே எது நல்ல போமேட், ஒண்ணு சொல்லுங்கண்ணே"ன்னு பசங்க கேக்காத நாளே இல்ல. பேரு சொல்றதை விட டப்பாவைத் திருப்பி பின்னாடி எப்படி படிக்கணும்னு சொல்லிக்குடுத்துட்டா அவங்க பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) நின்னாலும் சரி ஈப்போ மால்ல நின்னாலும் சரி அவங்களே பாத்து எடுத்துக்குவாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

ஸ்டெப் 1: ரெண்டு டப்பாவை பக்கத்துல வைங்க

ஒரே மாதிரி சாமானா ரெண்டு எடுங்க, ஜெல்லுன்னா ரெண்டும் ஜெல்லு, போமேடுன்னா ரெண்டும் போமேடு. பின்னாடி "இன்கிரிடியன்ட்ஸ்" இல்லன்னா மலாய்ல "ராமுவான்"னு போட்டு சின்ன எழுத்துல ஒரு பட்டியல் இருக்கும், கண்ணுக்கு தெரியலன்னா போன் கேமராவுல ஜூம் பண்ணுங்க. பட்டியலே இல்லன்னா அதை வாங்காதீங்க, எவ்வளவு மலிவா இருந்தாலும் சரி. 2008-லேர்ந்து நம்ம நாட்டுல ஆசியான் அழகுசாதன விதிமுறைதான் நடக்குது, அதுல உள்ள இருக்குறதை முழுசா எழுதணும்னு சட்டம். அப்படி எழுதாம விக்கிறவன் உள்ள என்ன போட்டிருப்பான்னு யாருக்கு தெரியும்?

ஸ்டெப் 2: முதல் அஞ்சு பேரை மட்டும் படிங்க

எது அதிகமா இருக்கோ அது முதல்ல வரும், கொறைய கொறைய கீழ போகும். அதனால முதல் அஞ்சு பேருலயே அந்த சாமானோட குணம் பாதிக்கு மேல தெரிஞ்சிடும். முப்பது பேரையும் பாத்து பயப்பட வேணாம்.

ஸ்டெப் 3: தண்ணியா எண்ணெயா?

முதல் பேரு "அக்வா" இல்லன்னா "வாட்டர்"னு இருந்தா தண்ணி அடிப்படை. "பெட்ரோலாட்டம்" (அதாவது வாசலின்), "பாராஃபினம் லிக்விடம்" (மினரல் ஆயில்), "மைக்ரோகிரிஸ்டலின் வேக்ஸ்", "லனோலின்" இதெல்லாம் மேல வரிசையா நின்னா அது எண்ணெய் போமேட். மழை பேஞ்சாலும் அசையாது, ஆனா ஷாம்பு ஒரு தடவை போட்டா போகவே போகாது. அதை எடுக்கணும்னா முதல்ல தேங்காய் எண்ணெயை நல்லா தேய்ச்சு எளக வச்சிட்டு அப்புறம் ஷாம்பு போடுங்க.

இதுல குழப்புறது ஒண்ணு இருக்கு. அக்வா முதல்ல இருக்கும், அதுக்கு அடுத்தே மினரல் ஆயில் இருக்கும், இது ரெண்டையும் கலக்க வச்ச கிரீம். 1928-ல இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல ஆரம்பிச்ச பிரில்கிரீம் அந்த வகைதான், தண்ணியும் மினரல் ஆயிலும் தேன்மெழுகும் சேந்தது. நம்ம தாத்தாங்க போட்டு சீவுனா பளபளன்னு இருக்குமே, அந்த பளபளப்பு அந்த ஆயிலோட வேலை. முடியை அழுத்தி படிய வைக்கும், தூக்கி நிக்க வைக்காது.

இப்போ பசங்க வாங்குற "வாட்டர் பேஸ்" போமேட்ல அக்வாவுக்கு அடுத்து "செட்டியரெத்-25", "பெக்-40 ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்", "கிளிசரின்" இந்த மாதிரி வரும். ஆயில்னு பேரு இருக்கேன்னு பாக்காதீங்க, அது தண்ணியில கரையுற மாதிரி மாத்துனது. வீட்டுல சோதிக்கணும்னா ஒரு தட்டுல கொஞ்சம் தடவி பைப்புக்கு கீழ விரலால தேய்ங்க, கரைஞ்சு ஓடிட்டா தண்ணி போமேட், தண்ணி முத்து முத்தா நின்னு வழுக்கிச்சுன்னா உள்ள எண்ணெய்தான், முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும்.

கிளே வேணும்னா "கயோலின்" இல்ல "பென்டோனைட்" பேரைத் தேடுங்க. பளபளப்பு இல்லாம மேட்டா இருக்குறதுக்கு அந்த களிமண்ணுதான் காரணம். பேரு கிளேன்னு இருந்து கயோலின் கடைசியில ஒதுங்கி நின்னா அதை நான் கிளேன்னு ஒத்துக்க மாட்டேன்.

ஸ்டெப் 4: முடியை புடிச்சு வைக்கிறது யாரு?

நம்ம ஊருக்கு இதுதான் முக்கியமான ஸ்டெப்பு. ஜெல்லுல முடியை நிக்க வைக்கிறது ஒரு பிளாஸ்டிக் மாதிரி பொருள், காஞ்சதும் முடி மேல மெல்லிசா ஒரு படலம் ஆயிடும். ரொம்ப பேரு போடுறது "பிவிபி". மலிவு, நல்லா விறைப்பா நிக்கும், ஆனா காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், அதனால ஈரக் காத்துல கஞ்சி போட்ட வேட்டி நனைஞ்ச மாதிரி தளந்து பிசுபிசுன்னு ஆகும், ஏர்கோன்ல உக்காந்தா காஞ்சு உடைஞ்சு வெள்ளை வெள்ளையா உதிரும், அதை பொடுகுன்னு நெனச்சு பொடுகு ஷாம்பு வாங்குறவங்க எத்தனையோ பேரு. "விபி/விஏ கோபாலிமர்"னு ஒண்ணு இருக்கு, அது பிவிபி அளவுக்கு ஈரத்தை இழுக்காது. ரெண்டு ஜெல்லு ஒரே விலைன்னா, ஒண்ணுல பிவிபியும் ஒண்ணுல விபி/விஏவும் மேல இருந்தா நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன். கிளிசரினும் ஈரத்தை இழுக்குற ஆளுதான், அது ரெண்டாவது மூணாவது எடத்துலயே நின்னா மழைக்காலத்துல பிசுபிசுக்கும்.

அடுத்தது "கார்போமர்". இது முடியை புடிக்கிறதுக்கு இல்ல, ஜெல்லை கெட்டியா காட்டுறதுக்கு. இதுக்கு உப்பு ஆகவே ஆகாது. ஒரு சின்ன தட்டுல பட்டாணி அளவு ஜெல் வச்சு, ஒரு சிட்டிகை உப்பு தூவி, பல் குத்துற குச்சியால கலக்கி பாருங்க. கெட்டியா நின்னது கண்ணு முன்னாடியே தளதளன்னு ஆகி தண்ணியா ஓடும். நம்ம வேர்வையிலயும் உப்புதானே இருக்கு, அப்போ ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போறவங்க, பந்து வெளையாடுற பசங்க ஜெல்லு காயறதுக்கு முன்னாடியே வேர்த்தா அது ஏன் நெத்தியில ஒழுகுதுன்னு இப்போ புரியும். கார்போமருக்கு பதிலா "ஹைட்ராக்சிஎத்தில்செல்லுலோஸ்" போட்டிருந்தா உப்புக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது, ரெண்டு ஜெல்லையும் பக்கத்துல வச்சு உப்பு போட்டு பாத்தா வித்தியாசம் நல்லாவே தெரியும். அதனால வேர்வை அதிகம்னா ஜெல் போட்டதும் ஃபேனுக்கு முன்னாடி நல்லா காய விட்டுட்டுத்தான் ஹெல்மெட் போடணும்.

ஸ்டெப் 5: ஒரு சதவீத கோடு

முன்பக்கத்துல ஜின்செங், ஆர்கன் ஆயில், கெரட்டின், கத்தாழைன்னு படம் போட்டு விலையை ஏத்துவாங்க. அது எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பட்டியல்ல "ஃபீனாக்சிஎத்தனால்" எங்க இருக்குன்னு தேடுங்க. கெட்டுப்போகாம இருக்க போடுறது அது, சட்டப்படி 1 சதவீதத்துக்கு மேல போடக்கூடாது. 1 சதவீதத்துக்கு கீழ உள்ளதை எந்த வரிசையிலயும் எழுதிக்கலாம்னும் விதி இருக்கு. அப்போ ஃபீனாக்சிஎத்தனாலுக்கு பின்னாடி வர்ற எதுவுமே 1 சதவீதத்தை தாண்டாது. உங்க ஜின்செங் அதுக்கும் பின்னாடி நிக்குதா? அந்தப் படத்துக்காக காசு கூடுதலா குடுக்காதீங்க.

ஸ்டெப் 6: உங்க தோலுக்கு ஒத்துக்குமா?

"ஆல்கஹால் டினேட்" மேல இருந்தா சீக்கிரம் காயும், ஆனா வறண்ட முடிக்கு, தலை அரிக்கிறவங்களுக்கு ஆகாது. "செட்டில் ஆல்கஹால்", "செட்டியரில் ஆல்கஹால்" வேற கதை, அது மெழுகு மாதிரி, முடியை மிருதுவா வைக்கும், நம்மளைச் சுத்தி நிக்கிற செம்பனையிலேர்ந்தும் அதை எடுக்குறாங்க. ரெண்டையும் ஒண்ணா நெனச்சு ஒதுக்காதீங்க. நெத்தியில பரு வர்ற பசங்க பெட்ரோலாட்டம், "ஐசோபுரோபில் மிரிஸ்டேட்" மேல இருக்குற போமேடை தவிர்க்குறது நல்லது. "மெத்தில்ஐசோதயசோலினோன்" இருந்தா வாங்காம திருப்பி வச்சிடுங்க, அலர்ஜி குடுக்குதுன்னு ஐரோப்பாவுல கழுவாம விடுற சாமான்ல 2017-லேர்ந்து அதுக்கு தடை. சைவமா இருக்குறவங்க லனோலின் ஆட்டு ரோமத்துலேர்ந்து வருதுன்னும், கெரட்டின் பெரும்பாலும் ரோமம், இறகுலேர்ந்து வருதுன்னும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

சாமான் கெட்டுப்போகாம இருக்க போடுற பராபென் இல்லன்னு பெருசா எழுதுறதை பாத்து மயங்காதீங்க. ஈரக் கையை விட்டு எடுக்குற டப்பாவுக்கு, அதுவும் இந்த சூட்டுக்கு, ஏதோ ஒரு பாதுகாப்பு பொருள் கண்டிப்பா வேணும். பராபெனை எடுத்துட்டு "டிஎம்டிஎம் ஹைடன்டோயின்" போட்டிருக்கானான்னு பாருங்க, அது கொஞ்சம் கொஞ்சமா ஃபார்மால்டிஹைட்ங்கிற தோலை உறுத்துற ரசாயனத்தை விடுற வகை, எனக்கு அதை விட பராபெனே பரவால்ல.

ஸ்டெப் 7: விலையும் நம்பரும்

100 கிராமுக்கு எவ்வளவுன்னு கணக்கு போடுங்க. 75 கிராம் 12 ரிங்கிட்னா 100 கிராம் 16 ரிங்கிட், 150 கிராம் 20 ரிங்கிட்னா 13 ரிங்கிட் சொச்சம். முதல் அஞ்சு பேரும் ஒண்ணுன்னா மலிவானதையே எடுங்க, தயங்கவே வேணாம்.

அப்புறம் மருந்து, அழகுசாதனத்தை கண்காணிக்கிற அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ வெப்சைட்ல பேரைப் போட்டு தேடுங்க, பதிவு பண்ணியிருந்தா என்-ஓ-டின்னு ஆரம்பிக்கிற நம்பர் வரும். ஆனா "கேகேஎம் லுலுஸ்"னு (சுகாதார அமைச்சு அங்கீகரிச்சதுன்னு) ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறவங்க சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க, அது கம்பெனி அரசாங்கத்துக்கு குடுக்குற அறிவிப்புதான், அரசாங்கம் ஒவ்வொரு டப்பாவையும் சோதிச்சு குடுக்குற சான்றிதழ் இல்ல. பதிவே இல்லன்னா வாங்காம வந்துருங்க. இருந்து வாங்குனீங்கன்னா முதல் நாள் தலையில போடாதீங்க, காது பின்னாடி கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டு பாருங்க, அரிப்பு சிவப்பு எதுவும் இல்லன்னா அடுத்த நாள் காலையில போட்டுக்குங்க.