கரும்பைன் போன்சாய்: சரியான வேலை, தவறான ஆண்டு

ஜப்பானியக் கரும்பைனைப் பற்றி எந்தப் போன்சாய் ஆர்வலரிடம் கேட்டாலும், முதலில் திரி வெட்டும் உத்தியைத்தான் சொல்வார். வசந்தத்தில் மெழுகுத்திரிபோல் நிமிர்ந்து எழும் இளந்துளிர்களைக் கோடைத் தொடக்கத்தில் அடியோடு நறுக்கினால், அதே இடத்தில் இரண்டாம் முறை துளிர் வரும், ஊசி போன்ற இலைகள் குட்டையாகும், ஒரு கிளை இரண்டாகப் பிரியும். எல்லாம் உண்மைதான். இந்த மரத்தைக் கெடுத்துக்கொள்பவர்களில் பலருக்கும் இந்த உத்தி நன்றாகவே தெரியும். தெரிந்ததை ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகச் செய்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கரும்பைனுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. வேர், தண்டு, முதன்மைக் கிளைகள் உருவாகும் வளர்ப்புக் கட்டம் முதலில் வரும். அதற்குப் பிறகுதான் சிறுகிளைகளையும் ஊசிகளையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் செம்மைக் கட்டம். முதல் கட்டத்தில் மரம் ஓட வேண்டும். இரண்டாவதில் அடங்க வேண்டும். உரம், சட்டி, கவாத்து என எதை எடுத்தாலும் ஒரு கட்டத்துக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பாதிக்குமேல் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

தண்டு பருக்கும் முன்பே அழகுச் சட்டி

விரல் தடிமன் உள்ள நாற்றை வாங்கியதும் அதை ஆழமில்லாத பீங்கான் சட்டியில் வைத்துக் கம்பி கட்டிவிடுகிறார்கள். பார்க்கப் போன்சாய் மாதிரி இருக்கும். பத்து ஆண்டு கழித்தும் அதே விரல் தடிமனில்தான் இருக்கும். தண்டைப் பருக்க வைப்பது அதற்குமேல் இருக்கும் ஊசிகளின் மொத்த அளவு. சிறு சட்டியில் வேர் அடைந்துகிடக்க, மேலே ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டும் இருந்தால் தண்டு எதை வைத்துப் பருக்கும்?

ககாவா மாகாணத்தின் தகமட்சு நகரில் கினாஷி, கொகுபுன்ஜி என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஜப்பானின் பைன் போன்சாய்களில் சுமார் 80 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. அங்கே பைன்கள் காய்கறிப் பாத்திபோல் வயலில் வரிசை வரிசையாக நிற்கும். கண்காட்சியில் வியக்கும் தண்டுகளில் பல இப்படி நிலத்தில் உருவானவை. நிலம் இல்லாதவர்கள் சல்லடைக் கூடையில் வளர்க்கலாம். கூடையின் ஓட்டைகளை எட்டும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து நிற்க, உட்புறம் புதிய வேர்கள் கிளைக்கும்.

தண்டு பருப்பதற்கென்றே ஒரு கிளையை வெட்டாமல் விடுவார்கள். தியாகக் கிளை என்று சொல்லலாம். வேலை முடிந்ததும் அது போய்விடும். அது இரண்டு மீட்டர் உயரம் போனாலும் கவலையில்லை. ஆனால் அதைச் சும்மா விட்டுவிடுவதும் தவறு. அதன் கீழ்ப்பகுதி ஊசிகளை உருவிவிட்டு, நுனியில் மட்டும் ஒரு கொத்தை விட வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் உண்மையான மரமாக ஆக வேண்டிய சின்னக் கிளைகள் அதன் நிழலில் செத்துப்போகும். பைனில் இது திரும்பப் பெற முடியாத இழப்பு. ஊசி முழுதும் உதிர்ந்த பழைய கட்டையிலிருந்து புதுமொட்டு வருவது மிக அரிது. அத்தி, புளிபோல வெட்டிய இடத்தில் தழைத்துவிடும் என்று நம்பிக் கத்தரியை வைத்தவர்களின் மரங்கள் மொட்டைக் குச்சிகளாக நிற்கின்றன. பைனைக் குறுக்க வேண்டுமென்றால், வெட்டும் இடத்துக்குக் கீழே பச்சை இருக்க வேண்டும்.

இன்னொரு தவறு ஏழெட்டு ஆண்டு கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். பைன் ஒரே கணுவில் நான்கைந்து கிளைகளை வட்டமாக விடும். அடர்த்தியாக இருக்கிறதே என்று அவற்றை அப்படியே விட்டால், கணு வீங்கி முட்டியாகும். தண்டு மேலே போகப்போகச் சிறுக்க வேண்டியதற்குப் பதில், நடுவில் புடைத்து நிற்கும். எந்தக் கணுவிலும் இரண்டுக்குமேல் வைக்காமல், இளசாக இருக்கும்போதே கிள்ளிவிடுவது எளிது. வீங்கியபிறகு செதுக்கி எடுப்பது பெரிய வேலை. முழுதாகச் சரியாவதும் இல்லை.

வேர்ப்பரவலும் இப்படித்தான். விதையிலிருந்து வளர்ப்பவர்கள் முளைத்த சில வாரங்களிலேயே நாற்றின் தண்டை விதையிலைகளுக்குக் கீழே வெட்டி, வேரூக்கி தொட்டு மறுபடி நடுவது உண்டு. ஆணிவேர் போய், சுற்றிலும் சமமாக வேர் விடும். எல்லா நாற்றும் பிழைக்காது. பிழைத்ததன் அடி, இருபது ஆண்டு கழித்துச் சட்டி மண்ணைக் கவ்விப் பிடித்திருப்பதைப் பார்த்தால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

திரி வெட்டு: யாருக்கு, எப்போது, எப்படி

வளர்ப்புக் கட்டத்தில் இருக்கும் மரத்தில் திரி வெட்டக் கூடாது. அந்த ஆண்டு வேர் வெட்டிச் சட்டி மாற்றிய மரத்திலும் கூடாது. நோயிலிருந்து தேறிக்கொண்டிருக்கும் மரமோ, வெளிறிய ஊசிகளோடு இருக்கும் மரமோ என்றால் பேச்சே இல்லை. திரி வெட்டு என்பது மரம் வசந்தம் முழுவதும் சேர்த்துப் போட்ட முதலீட்டை ஒரே நாளில் பறித்துக்கொள்வது. கையிருப்பு உள்ள மரம்தான் அதைத் தாங்கும். அதனால்தான் ஜப்பானில் வெட்டப்போகும் மரத்துக்கு வசந்தத்தில் பிண்ணாக்கு உரத்தை தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஊசி குட்டையாக வேண்டும் என்று மரத்தைப் பட்டினி போடுபவர்கள் செய்வது நேர்மாறான வேலை. பட்டினி கிடக்கும் மரம் இரண்டாம் துளிரே விடாமல் போகலாம்.

தேதியை அப்படியே பிரதி எடுப்பதும் பரவலான தவறு. டோக்கியோ வட்டாரத்தில் ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை வெட்டுவது வழக்கம். வளர்ச்சி நிற்கும் நாளிலிருந்து ஏறத்தாழ நூறு நாள் பின்னோக்கி எண்ணிய கணக்கு அது. டொராண்டோவில் இருப்பவருக்குக் குளிர் முந்திக்கொள்ளும். அதே தேதியில் வெட்டினால் புதுத்துளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். அங்கே முன்னதாக வெட்ட வேண்டும், அல்லது ஓராண்டு விட்டு ஓராண்டு வெட்ட வேண்டும். மெல்போர்னில் இது டிசம்பர், ஜனவரி வேலை. குளிர்காலம் என்று ஒன்றே இல்லாத சமவெளியில் இந்தக் கணக்கு முழுதும் குழம்பிவிடும். சென்னை மொட்டைமாடிக்கு இந்த மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஊரிலும் எல்லா மரத்துக்கும் ஒரே நாள் கிடையாது. பெரிய மரத்தை முன்னதாகவும் கையடக்க மரத்தைப் பின்னதாகவும் வெட்டுவார்கள். நாள் குறைந்தால் ஊசியின் நீளமும் குறையும்.

வெட்டும் இடத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒரு எல்லைக்கோடு தெரியும். சென்ற ஆண்டின் பழுப்புக் குச்சியில் கரும்பச்சை ஊசிகள். அதற்குமேல் இந்த ஆண்டின் வெளிர்பச்சைத் திரி. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, மிகச் சிறு அடிக்கட்டை விட்டு, நேர்குறுக்காக வெட்ட வேண்டும். கத்தரியைச் சாய்த்துப் பிடித்தால் மொட்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கி வரும். வெட்டியதும் பிசின் துளிர்த்துத் தானே மூடிக்கொள்ளும்; மருந்து எதுவும் தடவ வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் அந்த அடிக்கட்டையைச் சுற்றிக் கடுகளவு மொட்டுகள் எழும். அதுவரை மரத்துக்குச் சோறு போடுவது பழைய ஊசிகள்தான். வெட்டிய கையோடு அவற்றையும் மொத்தமாக உருவிவிட்டால் அந்தக் கிளை பிழைப்பது கடினம்.

எல்லாத் திரியையும் ஒரே நாளில் வெட்டுவது அடுத்த பிழை. மரம் முழுவதும் ஒரே வலிமையில் இருந்தால் அது சரி; பெரும்பாலும் இருக்காது. பைனின் இயல்பு உச்சிக்கே ஊட்டுவது. முதல் பந்தியில் உச்சிக்கிளைகள் உட்கார்ந்து எழுந்தபிறகு மிச்சமிருப்பதுதான் அடிக்கிளைக்கு. அதனால் மெலிந்த திரிகளை முதலில் வெட்டி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து நடுத்தரமானவற்றையும், மேலும் ஒரு வாரம் பொறுத்து உச்சியின் தடித்த திரிகளையும் வெட்டுகிறார்கள். முதலில் வெட்டுப்பட்ட அடிக்கிளை அந்த இடைவெளியில் முந்திக்கொள்ளும். மிகவும் பலவீனமான துளிரை வெட்டாமலே விட்டுவிட வேண்டும்.

இலையுதிர்கால வேலையை விட்டுவிடுவது

கோடையில் ஆர்வமாக வெட்டிவிட்டு, இலையுதிர்காலத்தில் மரத்தை மறந்துவிடுகிறார்கள். இது மெதுவாகக் கொல்லும் தவறு. வெட்டிய இடத்தில் மூன்று நான்கு மொட்டுகள் வந்திருக்கும். இரண்டை மட்டும் விட்டு மற்றதை எடுக்க வேண்டும். உச்சியில் சிறிய இரண்டையும் அடியில் பெரிய இரண்டையும் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். பிறகு பழைய ஊசிகளை உருவ வேண்டும். ஒவ்வொரு குச்சியிலும் உச்சியில் ஐந்து ஜோடி, நடுவில் ஏழெட்டு, அடியில் பத்துக்குமேல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கை மரத்துக்கு மரம் மாறும். உச்சியில் குறைவு, அடியில் அதிகம் என்பது மட்டும் மாறாது. உருவும்போது ஊசி வளரும் திசையிலேயே, ஒரு கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் பட்டை கிழிந்து வரும்.

இதைச் செய்யாத மரத்தில் உட்புறம் வெளிச்சம் புகாது. முதல் இரண்டு மூன்று ஆண்டு வெளியே பார்த்தால் செழிப்பாகவே தோன்றும். உள்ளே மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கருகி, பச்சை முழுவதும் கிளை நுனிக்கு ஓடிப்போயிருக்கும். குறுக்குவதற்கு உள்ளே மொட்டு இருக்காது. ஒட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வழியும் இருக்காது.

வேரில் வெள்ளைப் பூஞ்சை, தண்டில் செதில்

ஜப்பானின் மிஹோ கடற்கரையிலும் அமனோஹஷிதாதே மணல்திட்டிலும் கரும்பைன்கள் மணலில் வேரூன்றி உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. வெயிலும் காற்றோட்டமான வேருமே இந்த மரத்தின் தேவை. தோட்டத்துக் களிமண்ணில் வைப்பதும், வரவேற்பறை மேசையில் வைப்பதும் அதை அழுகவோ வாடவோ விடும் வழிகள். அகதாமா களிமண் மணிகளோடு நுரைக்கல், எரிமலைக் கல் கலந்து, தூள் சலித்து எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அகதாமா கிடைக்காத ஊரில் வடிகால் உள்ள வேறு சரளையும் போதும். பெயருக்காகப் பெரும்பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டி மாற்றும்போது வேர்களுக்கிடையே வெள்ளைப் பஞ்சுபோல ஒன்று படர்ந்திருக்கும். நோய் என்று பயந்து கழுவித் தள்ளிவிடுகிறார்கள். அது பைனோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சை. மரத்துக்கு நீரும் சத்தும் சேர்த்துத் தருவது. அந்தப் பழைய மண்ணில் ஒரு பிடியைப் புது மண்ணில் கலப்பவர்களும் உண்டு. வேர் முழுவதையும் ஒரே நேரத்தில் அம்மணமாக்கக் கூடாது. இந்த முறை ஒரு பாதி, அடுத்த முறை மறு பாதி. முதிர்ந்த மரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, தண்ணீர் உள்ளிறங்கத் தாமதமாகும்போது மாற்றினால் போதும்.

தண்டின் மேல் செதில் செதிலாக வெடித்த பட்டைக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பாசியை எடுக்கிறேன் என்று விறைத்த தூரிகையால் தேய்த்து ஒரே மதியத்தில் அதை உதிர்த்துவிடுபவர்கள் உண்டு. கம்பி கட்டும்போதும் செதிலைப் பார்த்துக் கட்ட வேண்டும். கட்டிய கம்பி பட்டையில் பதிந்துவிடாதபடி வளர்ச்சிக் காலத்தில் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

வெண்பைனுக்கும் இதே கணக்கா?

இல்லை. ஐந்து ஊசிக் கொத்துள்ள ஜப்பானிய வெண்பைன் ஆண்டுக்கு ஒருமுறைதான் துளிர்விடும். கரும்பைன்போல் கோடையில் அதன் திரிகளை அடியோடு வெட்டினால் அந்த ஆண்டுக்கு மாற்றுத் துளிர் வராது. 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டைத் தாண்டி, 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போன புகழ்பெற்ற யமகி பைன் வெண்பைன்தான். அதன் படத்தைக் கரும்பைன் என்று நினைத்து முன்மாதிரியாக வைத்துக்கொள்பவர்கள், முதலில் ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணிப் பார்க்கட்டும். கரும்பைனில் இரண்டு.

கண்காட்சிப் படத்தை ஆண்டு முழுவதும் துரத்துவது

1934இல் தொடங்கிய கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி டோக்கியோவின் உவெனோவில் பிப்ரவரியில் நடக்கிறது. அங்கே நிற்கும் கரும்பைன்களின் குட்டை ஊசிகளும், மேகத்தட்டுபோல் அடுக்கப்பட்ட கிளைகளும் முந்தைய ஆண்டு முழுவதும் அந்த ஒரு வாரத்துக்காகத் திட்டமிடப்பட்டவை. படத்தைப் பார்ப்பவர்கள் மரம் எப்போதும் அப்படி இருக்கும் என்று எண்ணி, ஆண்டு தவறாமல் வெட்டிக்கொண்டே போகிறார்கள். நான்காவது, ஐந்தாவது ஆண்டில் இரண்டாம் துளிர் மெலியும். அடிக்கிளை ஒன்று காரணம் தெரியாமல் பழுக்கும். காரணம் ஓய்வின்மைதான். கண்காட்சிக்குப் போன மரத்துக்கு அடுத்த ஆண்டு திரி வெட்டாமல் ஓய்வு கொடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். அந்த ஆண்டு ஊசி நீண்டு, மரம் பரட்டையாகத்தான் இருக்கும். உரத்தைப் போட்டு, வெயிலில் வைத்து, அப்படியே விட்டுவிட வேண்டும்.