ஃபைபர் படகில் ஃபிஷ் ஃபைண்டர் டிரான்ஸ்டியூசர் மாட்டுவது எப்படி

மீனையும் கடல் தரையையும் திரையில் காட்டும் மெஷின்தான் ஃபிஷ் ஃபைண்டர்; தண்ணீருக்குள் ஒலியை விட்டு அதன் எதிரொலியைப் பிடிக்கும் பகுதி டிரான்ஸ்டியூசர். முதல் தடவை நான் அதை இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் மாட்டினேன். வயர் இழுக்க அங்கேதான் வசதி, வேறு காரணம் எதுவும் இல்லை. நங்கூரம் போட்டு நிற்கும்போது திரை பளிச்சென்று இருந்தது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கரையை விட்டு இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கியதும் மேலிருந்து கீழ்வரை மழை பெய்கிற மாதிரி கோடுகள், தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மெஷினைத் திட்டிக்கொண்டே ஒரு மாசம் ஓட்டினேன். கோளாறு நான் மாட்டிய இடத்தில்தான் இருந்தது. டிரான்ஸ்டியூசர் விடுகிற ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போய்வரும், ஆனால் குறுக்கே காற்றுக் குமிழி வந்தால் அதோடு சரி.

அதனால் டிரில்லை எடுக்கும் முன், படகுக்குப் பின்னால் குமிழி இல்லாமல் தண்ணீர் ஓடுகிற இடத்தைப் பாருங்கள். கூட வருகிறவரை இன்ஜினைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் மாட்டும் பின் பலகைமேல் கவனமாகக் குனிந்து பார்த்தாலே தெரியும்: சில இடத்தில் வெள்ளையாக நுரை கிளம்பும், சில இடத்தில் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று தண்ணீர் பிரியும். அந்தக் கண்ணாடித் தண்ணீர்தான் உங்கள் இடம். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் வரப்புக்கு நேர் பின்னால் வேண்டாம், அங்கே குமிழி நிச்சயம். புரொப்பல்லரில் இருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர், அதாவது ஒன்றேகால் அடி, தள்ளி இருக்கட்டும்.

எந்தப் பக்கம்? பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்கம், ஏனென்றால் அந்தப் பக்கம் இறக்கை கீழ்நோக்கி இறங்குகிறது. புத்தகத்துக்கு அது சரி. ஆனால் நீங்கள் வலை வாங்குவதும், அதாவது இழுத்துப் படகில் ஏற்றுவதும், வலப்பக்கம் என்றால் யோசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு படகில் வலைக்கயிறு டிரான்ஸ்டியூசரில் மாட்டி, பிராக்கெட்டே கையோடு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் வலை வாங்காத பக்கமே மேல், நுரை மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ஓட்டை. பின் பலகையில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போடும் ஒவ்வொரு ஓட்டையும் பின்னால் தலைவலிதான், உள்ளே மரம் வைத்துக் கட்டிய படகு என்றால் அது ஊறி உளுத்துப் போகும். அதற்கு நான் செய்வது இது: காய் வெட்டும் பலகை இருக்கிறதே, வெள்ளையாக, தடிமனான பிளாஸ்டிக், அதில் ஒன்றை முடிந்தவரை தண்ணீருக்கு மேலே வருகிற மாதிரி இரண்டு ஸ்குரூ போட்டுப் பின் பலகையில் இறுக்கிவிட்டு, டிரான்ஸ்டியூசர் பிராக்கெட்டை அந்தப் பலகையில் மாட்டுகிறேன். இடம் மாற்ற வேண்டுமென்றால் பலகையில்தான் புது ஓட்டை, படகில் இல்லை. (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.) அந்தப் பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது, ஸ்குரூதான் வழி.

ஓட்டை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்குரூவைவிட மெல்லிய பிட்டால் நிதானமாகப் போடுங்கள், இல்லையென்றால் மேல்பூச்சு விரிசல் விடும். ஃபைபர் தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஸ்குரூ 316 கிரேடு எஸ்.எஸ்., ஓட்டைக்குள்ளும் ஸ்குரூவிலும் மரைன் சீலன்ட் நிறைய. ஜன்னலுக்கு அடிக்கிற சாதா சிலிக்கான் கடலுக்கு ஆகாது.

உயரம்: டிரான்ஸ்டியூசரின் அடிப்பக்கம் படகின் அடிமட்டத்தைவிட 3 மில்லிமீட்டர் கீழே இருந்தால் ஃபைபர் படகுக்குப் போதும். அதன் முகம் தண்ணீருக்குச் சமமாக இருக்க வேண்டும். இதைக் கரையில் படகு சாய்ந்து கிடக்கும்போது ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், ஆள் எல்லாம் ஏறிய பிறகு படகு எப்படி உட்காருகிறதோ அதுதான் கணக்கு. அந்தப் பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். வேகத்தில் தரைக் கோடு காணாமல் போனால் 3 மில்லிமீட்டர் இறக்குங்கள். பின்னால் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். இப்படி நாலைந்து தடவை மாற்ற வேண்டி வரும், சலிக்காதீர்கள்.

வயரை வெட்டி ஒட்டவே கூடாது. மிச்சம் இருந்தால் சுருட்டிக் கட்டுங்கள். இன்ஜின் வயரோடு சேர்த்துக் கட்டினால் திரையில் புள்ளி புள்ளியாக வரும். சின்ன மெஷினுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு நாள் தொழிலுக்குத் தாங்கும், பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் மறக்காதீர்கள்.

செட்டிங்கில் ஒலியின் அதிர்வெண்ணை 200 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். வடகடலில் (பாக் விரிகுடா) ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டரைச் சுற்றித்தான், அதற்கு ஆழக் கடலுக்கான 50 கிலோஹெர்ட்ஸ் தேவையே இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒலிக்கற்றை 20 டிகிரி என்றால் பத்து மீட்டர் ஆழத்தில் அது பார்ப்பது மூன்றரை மீட்டர் அகல வட்டம்தான். ஆக மீன் பக்கத்திலேயே ஓடினாலும் திரை காலியாக இருக்கலாம். மீட்டர் பழக்கமில்லை என்றால் ஃபேதம் (ஆறு அடி) என்று மாற்றினால் நம்ம பாகக் கணக்கிலேயே காட்டும். சேற்றுத் தரை தடித்த, மங்கலான கோடாக வரும்; தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, மேல் வந்தால் கோடு அழுத்தமாகி, இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு கோடும் விழும். தீவுகளை ஒட்டிப் போகும்போது கவனம்: மெஷின் காட்டுவது டிரான்ஸ்டியூசருக்குக் கீழே உள்ள ஆழம், புரொப்பல்லர் அதற்கும் கீழே தொங்குகிறது.

கரையில் ஏற்றும் படகு என்றால், அடிபட்டால் மேலே மடங்குகிற பிராக்கெட் வாங்குங்கள். ஒரு நைலான் கயிற்றால் கொக்கியில் கட்டியும் வைத்துவிட்டால், கழன்றாலும் கடலோடு போகாது. முகத்தில் பாசியும் சிப்பியும் பிடித்தால் சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் வெந்துவிடும்.