முகாம் பட்டியலை வேறு வேலைக்கு எடுக்காதீர்கள்: நோயாளி விவரங்களில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மருத்துவ முகாம். பதிவு மேசையில் இருந்த பையனுக்கு 22 வயது இருக்கும், வேகமான கை. பெயர், வயது, போன், சர்க்கரை, பிரஷர், டாக்டர் என்ன சந்தேகப்படுகிறார் என்று எல்லாவற்றையும் ஒரே எக்செல்லில் அடித்துக்கொண்டே போனான். மதியம் முகாம் நடத்துகிறவர் வந்து, "தம்பி, அந்த நம்பரெல்லாம் என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடு" என்றார். அவனும் சரி சார் என்று அனுப்பப் போனான். நான் எழுந்து போய்த் தடுத்தேன். ஏனென்றால் இதே தவறை நான் செய்து, அதனால் ஒருவர் வேலை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை சின்ன ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர்களுக்கு கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுப்பது என் வேலை. பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"சட்டம்தான் இன்னும் வரவில்லையே"

வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். நம்மைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய பெரும்பாலானவை 2027 மே மாதம் அமலாகும் என்பதால் இன்னும் நாள் இருக்கிறது என்று சிலர் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் மருத்துவ விவரத்தை முக்கியமான தனிநபர் தகவலாக வைத்துக் காக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளே சொல்லிவிட்டன.

ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றுக்கு எடுப்பது

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன், நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

2022 மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆண்கள் ஊரில் இருப்பார்கள், அதனால் முகாம் வைக்க அதுதான் நல்ல நேரம். பட்டியல் போட்டது நான். எக்செல்லில் ஒன்பது காலம், அதாவது மேலிருந்து கீழே போகும் வரிசை. எட்டாவது காலத்தின் தலைப்பு "சளி டெஸ்ட்". ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்களை டி.பி. இருக்கிறதா என்று பார்க்க அனுப்புவார்கள், அவர்கள் பெயருக்கு நேராக "ஆம்" என்று போடுவேன். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்பதைத் தவிர அந்த "ஆம்" வேறெதையும் சொல்லவில்லை.

முகாம் முடிந்தபிறகு நடத்தியவர்களில் ஒருவர், அடுத்த முகாமுக்குக் கூப்பிட நம்பர் வேண்டும் என்று கேட்டார். மற்ற காலங்கள் எதற்கு என்று அவற்றை ஹைட் செய்து கோப்பை அனுப்பினேன். அழிக்கவில்லை, மறைத்தேன், அவ்வளவுதான். ஹைட் செய்ததை யார் வேண்டுமானாலும் இரண்டு தட்டில் திரும்பக் கொண்டுவரலாம், அதற்கு பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. கோப்பு அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், கடைசியில் சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தது. யாரோ காலத்தை விரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஜூன் நடுவில் படகுகள் கிளம்பின. தடைக்காலம் முடிந்ததும் நல்ல மீன்பாடு கிடைக்கும் நாட்கள், இரண்டு மாதம் சும்மா இருந்த குடும்பங்கள் கடனை அடைப்பது அப்போதுதான். "ஆம்" போட்ட ஒருவரைப் படகில் ஏற்றவில்லை. ஒரே சட்டியில் சோறு, ஒரே இடத்தில் படுக்கை, அதனால் மற்ற ஆட்கள் பயந்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். அவருக்கு ரிசல்ட் வந்தது, டி.பி. இல்லை. என் கடைக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்து வைத்து ஓரம் கிழிந்திருந்தது. "ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கு தம்பி, ஆனா யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க" என்றார். கோப்பு என்னிடமிருந்து போனது என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன், அந்த ஒரு வாரம் தாமதித்தது இரண்டாவது தவறு.

புதிய சட்டத்தின் அடிப்படையே இதுதான்: எந்த வேலைக்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்கினாயோ அந்த வேலைக்கு மட்டும், அதற்குத் தேவையான அளவு மட்டும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. போனிலேயே டாக்டரிடம் காட்டும் ஒரு டெலிமெடிசின் ஆப், சிகிச்சைக்கான விவரத்தோடு போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் கேட்கிறது, அதைப் பயன்படுத்தும் பெண் இரண்டுக்கும் சரி என்று அழுத்துகிறார். அப்படி அழுத்தினாலும் தொடர்பு எண்களுக்கு அந்த ஒப்புதல் செல்லாது, ஏனென்றால் மருத்துவம் பார்க்க அது தேவையில்லை. ஆப் செய்கிறவர்களும் முகாம் நடத்துகிறவர்களும் இந்த ஓர் உதாரணத்தை நிதானமாகப் படித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்றால், பெயரும் போனும் ஒரு கோப்பு, சோதனை முடிவுகள் டோக்கன் எண்ணோடு இன்னொரு கோப்பு, இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுப்பதில்லை. "அடுத்த முகாமுக்குக் கூப்பிடலாமா?" என்று தனியாகக் கேட்டு, சரி என்றவர்களின் நம்பரை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டி அனுப்புகிறேன். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

ஆங்கிலத்தில் கையெழுத்து

நாலு பக்க ஆங்கிலப் படிவத்தில் ஒரு பாட்டியிடம் கைநாட்டு வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு ஒப்புதல் வாங்கியாச்சு என்கிறார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைப் படிக்க வழி இருக்க வேண்டும் என்பது சட்டம், தமிழும் அதில் உண்டு. நாலே வரி போதும்: என்ன வாங்குகிறோம், எதற்கு, ஒப்புதலை யாரிடம் சொல்லித் திரும்பப் பெறலாம், புகார் எங்கே. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

"சாஃப்ட்வேர் கம்பெனி பார்த்துக்கொள்ளும்"

பார்த்துக்கொள்ளாது. விவரத்தை வாங்கியவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

"நோட்டில் எழுதினால் தப்பலாம்"

அந்த நோட்டை ஸ்கேன் செய்த நிமிடமே அதுவும் சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஆதார் நகல்

தேவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

மனநலப் பதிவுகள்

ஏர்வாடி பக்கம் வேலை செய்பவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, சிகிச்சையில் இருப்பவரைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கணினியில் சேமித்த தகவலுக்கும் ரகசியக் காப்பு உண்டு என்று 2017 மனநலச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. சேவை செய்கிறோம் என்று காட்ட அவர்கள் முகம் வேண்டாம்.

கசிந்தபின் மூடி மறைப்பது

முதல் போன் நோயாளிக்கு. எது வெளியே போனது, அதனால் என்ன வரலாம், நாம் என்ன செய்கிறோம், மூன்றையும் தாமதிக்காமல் சொல்லுங்கள். புதிய சட்டத்தைக் கவனிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அப்புறம் கோப்பு போன ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். நான் அன்றைக்குப் பதினொரு பேரைக் கூப்பிட்டேன், ஏழு பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள், நாலு பேர் போனை எடுக்கவில்லை.