1991ஆம் ஆண்டு ‘சிவிலைசேஷன்’ இன்றைய கணினியில் ஓட வேண்டுமா?

சிட் மையர் உருவாக்கி, மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘சிவிலைசேஷன்’ விளையாட்டின் பழைய பிரதி உங்களிடம் இருக்கிறதா? இன்றைய விண்டோஸில் அதைச் சொடுக்கினால், இந்தக் கணினியில் இயங்காது என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடும். பிரதியைச் சந்தேகிக்க வேண்டாம். அது டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அவ்வகை நிரல்களை ஏற்பதே இல்லை. பழைய கணினியாக வேடம் போடும் ‘டாஸ்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருள்தான் இதற்கு வழி.

முதலில் டாஸ்பாக்ஸை நிறுவுங்கள். அடுத்து, சி டிரைவில் ஒரு கோப்புறை திறந்து விளையாட்டுக் கோப்புகளை அதில் போடுங்கள். கோப்புறையின் பெயர் ஆங்கிலத்தில், எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸ் அங்கே எழுத விடாமல் தடுக்கும், ஆட்டத்தைச் சேமிக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. தேவையே இல்லை. ‘சிவ்’ என்ற இயங்கு கோப்பை எலியால் இழுத்து, டாஸ்பாக்ஸ் சின்னத்தின் மேல் விடுங்கள். அந்தக் கோப்புறையையே சி டிரைவாக எடுத்துக்கொண்டு விளையாட்டு தொடங்கிவிடும்.

தொடக்கத்தில் சில கேள்விகள் வரும். திரைக்கு விஜிஏ, ஒலிக்கு ஆட்லிப், கடைசியில் எலியும் விசைப்பலகையும் சேர்ந்த தெரிவு. ஒலிக்கு வேறொன்றைத் தேர்ந்துவிட்டு, பாட்டுக் கேட்கவில்லை என்று ஒரு மாலை முழுவதும் ஒலிபெருக்கிக் கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தவன் நான்.

பலர் கைவிடுவது வேகத்தில்தான். டாஸ்பாக்ஸ் வேகத்தை ‘சைக்கிள்’ என்ற எண்ணால் அளக்கிறது, இத்தகைய நிரல்களைத் தானாக 3000 சைக்கிள் வேகத்தில் ஓட்டும். வரைபடம் மாட்டு வண்டியாக நகரும், எதிரிகளின் முறை முடிவதற்குள் கொட்டாவி வரும். கன்ட்ரோலுடன் எஃப்12 விசையை அழுத்தினால் வேகம் கூடும், எஃப்11 குறைக்கும். எண் சாளரத்தின் தலைப்பில் தெரியும். 10000ஐத் தாண்டியதும் ஆட்டம் சரளமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒலி திக்கினால் கொஞ்சம் இறக்குங்கள். இந்த மாற்றம் அடுத்த முறை நிற்காது. நிரந்தரமாக்க, விண்டோஸின் தொடக்கப் பட்டியலில் (ஸ்டார்ட் மெனு) உள்ள டாஸ்பாக்ஸ் ஆப்ஷன்ஸைத் திறந்து, சைக்கிள்ஸ் வரியில் ‘ஆட்டோ’ என்பதை எடுத்துவிட்டு உங்கள் எண்ணை எழுதிச் சேமியுங்கள்.

எலி சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10உம். முழுத்திரைக்கு ஆல்ட்டும் என்டரும். சேமிக்கும்போது எந்த டிரைவ் என்று கேட்டால் ‘சி’.

இன்னொன்று. ஆட்டத்தின் நடுவே, நீங்கள்தான் உண்மையான அரசர் என்று நிரூபிக்கச் சொல்லி, ஒரு கண்டுபிடிப்புக்கு முன்னால் எவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இது கோளாறு அல்ல, அந்தக் காலத் திருட்டுப் பிரதித் தடுப்பு. விடை கையேட்டில் இருக்கிறது. தப்பாகச் சொன்னால் படைகள் பறிபோகும். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.