தூரச் சைக்கிள்காரர் படலைக்கு வந்தால்

ஏ9 வீதியால் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 140 கிலோமீற்றர். மூட்டைகளோடு சைக்கிளில் வருபவர்களில் பலர் இடையில் கிளிநொச்சியில் ஒரு இரவு தங்குவார்கள். ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீரேரி, ஒதுங்க மரநிழல் கிடையாது. அதற்கப்பால் முகமாலைப் பக்கம் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றிய நிலம். வீதியை விட்டு இறங்கிப் பற்றைக்குள் கூடாரம் அடிக்கிற எண்ணமே கூடாது. இருட்டுமுன் போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தத் துண்டை ஒருவர் பதறாமல் ஓடலாம்.

பருத்தித்துறையில் தெருவையே கூரையால் மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. வழிப்போக்கருக்கு மடம், கேணி, சுமைதாங்கிக் கல் என்று வைத்த ஊருக்கு விருந்தோம்பலைச் சொல்லித்தரத் தேவையில்லை. நாங்கள் சொல்ல வருவது சைக்கிளில் வருபவருக்கு மட்டும் வேண்டிய சில நுட்பங்களை. வார்ம்ஷவர்ஸ் என்ற வலையமைப்பு 1993 முதல் இயங்குகிறது. சைக்கிள் பயணிகளைக் காசு வாங்காமல் வீட்டில் தங்கவைப்பதுதான் அதன் முழு வேலை. அதன் மூலம் வந்தாலும் சரி, சந்திக் கடையில் கண்டு கூட்டிவந்தாலும் சரி, வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே.

வருமுன் அனுப்ப வேண்டிய செய்தி

விலாசம் போதாது. எங்கள் ஒழுங்கைகள் வெளியாருக்கு ஒன்றுபோலவே தெரியும். வரைபடக் குறியோடு சந்தியின் பெயர், பக்கத்துக் கோயில், படலையின் நிறம் மூன்றையும் எழுதுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறோம், படுக்கக் கட்டிலா பாயா, தனி அறையா விறாந்தையா, நாய் உண்டா என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தனியே வரும் பெண்ணுக்கு இது மிக முக்கியம். வீட்டில் ஒரு பெண் இருப்பதையும், அறைக்கு உள்தாழ்ப்பாள் இருப்பதையும் அவர் கேட்குமுன் நீங்களே எழுதிவிட வேண்டும். நல்லூர்க் கோயில் கொடியேறி 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும், வழியை மாற்றிக் கொடுங்கள்.

நேரத்தைக் காற்றோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வாடைக் காலத்தில் வடக்கே வருபவருக்குக் காற்று முகத்தில் அடிக்கும். மற்ற மாதங்களில் மணிக்கு 18 கிலோமீற்றர் ஓடுபவர் அப்போது 12க்கு இறங்கிவிடுவார். மூன்று மணி என்றவர் ஐந்தரைக்கு வந்தால் அது அசட்டை அல்ல. ஆறு மணிக்குப் பிறகு ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும், ஆகவே இருட்டிவிட்டால் ஒரு ஆளை மோட்டார் சைக்கிளில் கொடிகாமம் வரை அனுப்பி முன்னுக்கு வெளிச்சம் காட்டிக் கூட்டிவாருங்கள்.

வந்த முதல் ஒரு மணித்தியாலம்

இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது, அதுவும் அன்பினால். வந்தவரைக் கதிரையில் இருத்தி, அயலட்டையைக் கூப்பிட்டு, படம் எடுத்து, பலகாரத் தட்டோடு கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறோம். அவருக்கு அப்போது வேண்டியது தண்ணீர், சைக்கிளுக்குப் பத்திரமான இடம், குளியல். இந்த ஒழுங்கிலேயே கொடுங்கள்.

முதலில் அரை லீற்றர் தண்ணீர், அவசரப்படாமல் குடிக்கட்டும். கொதித்தாறிய நீர் அல்லது மூடி உடைக்காத போத்தல். எங்கள் கிணறுகளில் சில சவர், பழகாத வயிற்றுக்கு நல்ல கிணறும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உடுப்பில் வெள்ளை உப்புக்கோடு தெரிந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூள் பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு லீற்றருக்குத் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம், உப்புக் கூடினால் தீங்கு. உப்புப் போட்ட மோரும் இளநீரும் அதற்குப் பிறகு. தலை சுற்றி, பேச்சுத் தடுமாறி, உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் நிழலில் கிடத்தி ஈரத்துணியால் முழு உடம்பையும் நனைத்து விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

மூட்டைகளோடு அந்தச் சைக்கிள் 35 கிலோவுக்கு மேல் இருக்கும். படியேற்றுவதென்றால் பைகளைக் கழற்றிய பிறகுதான். கழற்றுவது அவர் கையாலேயே நடக்கட்டும், கொக்கிகள் பிழையாக இழுத்தால் உடையும். கிளுவை வேலியில் சாத்தாதீர்கள், காவோலை குவித்த மூலையிலும் விடாதீர்கள். கிளுவை முள்ளும் பனங்கருக்கும் ரயரில் ஏறினால் காலையில் காற்று இருக்காது. விறாந்தைக்குள் எடுத்துப் பூட்டுவதே நல்லது. பிள்ளைகளுக்குக் கியர் மாற்றிப் பார்க்க ஆசை வரும். நின்ற சைக்கிளில் கியரைத் தட்டினால் அடுத்த மிதியில் சங்கிலி துள்ளும், சொல்லி வையுங்கள்.

கிணத்தடியில் குளிப்பவருக்கு வாளியும் கயிறும் ஒருமுறை செய்து காட்டுங்கள். ஆணுக்கு ஒரு சாரம், எல்லாருக்கும் காய்ந்த துவாய். பெண்ணுக்குக் கதவுள்ள குளியலறை. கழுவிய உடுப்பைத் துவாயில் சுருட்டி முறுக்கிப் பிழிந்து மின்விசிறிக்குக் கீழே போட்டால் மாரியிலும் விடியுமுன் காயும். ஈரக் காற்சட்டையோடு ஓடினால் தொடை உரசிப் புண்ணாகும், இரண்டு நாளுக்கு இருக்கை தொட முடியாது.

சாப்பாடு

இரண்டு ஆள் சாப்பாடு என்று கணக்கெடுங்கள், வெட்கப்பட்டுக் குறைவாகக் கேட்பார்கள். இடியப்பம் 12 முதல் 15, அல்லது ஒரு நீத்துப்பெட்டி நிறையப் புட்டு, ஒரு கிண்ணம் பருப்பு, சொதி. உறைப்புப் பழகாதவருக்குச் சொதியைப் போல நல்ல சாப்பாடு எங்கள் குசினியில் வேறில்லை: உப்பு, தண்ணீர், தேங்காய்ப்பால் மூன்றும் ஒன்றாக இறங்கும். யாழ்ப்பாணத் தூள் போட்ட கறியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், விரும்பினால் தொட்டுக்கொள்ளட்டும். மச்சம் இல்லாத நாளில் பயறு, கடலை, தயிர் கூட்டிக் கொடுத்தால் தசைக்கு வேண்டியது கிடைக்கும். போதும் என்று கையை மறைத்தால் இன்னொரு அகப்பை போடாதீர்கள். வயிறு முட்டினால் நித்திரை வராது, நித்திரை இல்லாவிட்டால் மறுநாள் ஓட்டமில்லை. எட்டரைக்குப் படுக்கவிடுங்கள். நுளம்புவலை, மின்விசிறி, தொலைபேசியும் விளக்கும் ஏற்ற ஒரு மல்ரி பிளக். இந்த மூன்றும் இருந்தால் பாயும் சுகமே.

சைக்கிள் வேலை

எங்கள் கடைகளில் கிடைக்கும் 28 × 1½ ரயர் அவருடைய 700 அளவுச் சக்கரத்தில் ஏறாது. பெயரளவில் நெருக்கம், விட்டம் 635 மில்லிமீற்றர், அவருடையது 622. ரயரின் பக்கத்தில் 37-622 போல எழுதியிருக்கும், அந்தப் பின் எண்ணைப் பார்த்தே தேடுங்கள். 26 அங்குலமும் அப்படித்தான்: ஊர்ச் சைக்கிளின் 26 × 1⅜ 590, மலைச் சைக்கிளின் 26 559. ரியூப் இழுபடும் என்பதால் 28 × 1½ ரியூப்பை 700 × 38 ரயருக்குள் போட்டு ஆபத்துக்கு ஓடலாம், றிம் ஓட்டை வால்வுக்குப் போதுமாக இருந்தால். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான ஓட்டை 6.5 மில்லிமீற்றர்தான், அதில் எங்கள் ரியூப்பின் வால்வு நுழையாது. பிரெஸ்டாவுக்கு ஊர்ப் பம்மும் பிடிக்காமல் போகலாம். ஒரு சிறு பித்தளைத் திருகு பூட்டினால் மோட்டார் சைக்கிள் பம்மால் அடிக்கலாம். அடிக்கடி ஆள் வரும் வீடென்றால் அந்தத் திருகு இரண்டை லாச்சியில் போட்டு வையுங்கள். பெற்றோல் செட் காற்றை ஒரேயடியாக விடாமல் சிறிது சிறிதாக விட்டுப் பாருங்கள்.

கடற்கரையால் வந்த சங்கிலியை நன்னீரால் கழுவித் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டால் இரண்டு நாளுக்குப் போதும். தேங்காயெண்ணெய் கூடாது, தூசியோடு பசையாகிவிடும். மண்ணெண்ணெயால் கழுவுவதென்றால் பழைய தகரத்துக்குள் வைத்து, கிணத்தடிக்குத் தூரத்தில் செய்யச் சொல்லுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது வெடிப்புகளால் நிலத்தடி நீரில் இறங்கிவிடும். இதில் தயவு பார்க்க வேண்டாம். தண்ணீர் முழு ஊருக்கும் உரியது.

காலையில்

ஐந்தரைக்குப் புறப்படுவார்கள். வெயில் ஏறுமுன் 40 கிலோமீற்றர் போய்விட வேண்டும். கட்டிக்கொடுப்பதென்றால் கதலி வாழைப்பழம் ஆறு, அவித்த முட்டை இரண்டு, எள்ளுருண்டை, பாண். சொதியும் தேங்காய்ச் சம்பலும் வேண்டாம், பைக்குள் சூடேறிப் பத்து மணிக்கே புளிக்கும்.

காசு நீட்டினால் சிரித்து மறுத்துவிடுங்கள். வற்புறுத்தினால் அடுத்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக் கொடுக்கச் சொல்லலாம். தொலைதூரம் ஓடுபவர்களுக்கு இது புரியும்.

மன்னாருக்கு ஏ32 வீதியால் போகிறவர்கள் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரியில் போத்தல்களை நிரப்பிக்கொள்ளட்டும். 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்த வழியில் கடையும் நிழலும் குறைவு. ஒருவருக்கு நான்கு லீற்றர் வேண்டும். சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் இந்தப் பக்கம் எதிர்க்காற்று, வாடையில் பின்காற்று. சோளகமென்றால் ஒரே நாளில் மன்னார் என்று திட்டமிட விடாதீர்கள். இடையில் முழங்காவில், வெள்ளாங்குளம் பக்கம் உங்களுக்குத் தெரிந்த வீடு இருந்தால் முதல்நாள் இரவே தொலைபேசியில் கேட்டு வையுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, மச்சமா சைவமா.